பாலசுப்ரமணியன் மாறாத மூன்று மாதங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாத இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது கட்டுரை: 'சாதாரண மனிதர்கள் தங்கள் கணினியின் இயங்குதளத்தை மாற்ற ஏன் தயங்குகிறார்கள்?' நானும் சரி என்றேன். காரணங்களை வரிசைப்படுத்தினேன். ஒன்று, பழக்கம். இரண்டு, பயம். மூன்று, பழைய பிரிண்டர். நான்காவது காரணத்தை எழுதப் போகும்போது என் மடிக்கணினி உறைந்து நின்றுவிட்டது. பதினோரு வருஷத்து மடிக்கணினி. இயங்குதளத்தை மாற்றிவிடு என்று நாலைந்து பேர் சொல்லியாகிவிட்டது. நான் மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று உறைந்த திரையைப் பார்த்தபடி என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் வரவில்லை.

பதில் தெரியாத கட்டுரையாளன் என்ன செய்வான்? ஒரு ஆளை உண்டாக்கி, அவன் தலையில் கேள்வியைக் கட்டிவிடுவான். அப்படித்தான் பாலசுப்ரமணியன் வந்தார்.*

* பாலசுப்ரமணியன் என்று ஒருவர் இல்லை. புனே இருக்கிறது, விஷ்ராந்த்வாடி இருக்கிறது. மற்றதற்கு நான் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: 'காலை ஏழு மணிக்கே ஆளந்தி ரோட்டில் ஹார்ன் சத்தம்' — விட்டுவிட்டேன். கணினியைப் பற்றிய கதைக்கு ஹார்ன் எதற்கு?

இரண்டாவது தொடக்கம்: 'பாலசுப்ரமணியனுக்கு மாற்றம் என்றாலே பிடிக்காது.' இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பொய். இருபத்தாறு வயதில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டியோடு புனேக்கு வந்தவர். ஒரு வார்த்தை மராத்தி தெரியாமல் வந்து, ஆறு மாதத்தில் மராத்தியில் பேரம் பேசியவர். மூன்று கம்பெனி மாறியவர். ராத்திரிச் சாப்பாட்டைச் சோற்றிலிருந்து சப்பாத்திக்கு மாற்றிக்கொண்டு முகம் சுளிக்காதவர். இப்படிப்பட்டவரை மாற்றம் பிடிக்காதவர் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து சண்டை போடுவார். அடித்தேன்.

மூன்றாவது தொடக்கம் இதோ. இதை மாற்றப் போவதில்லை.

3

பாலசுப்ரமணியனுக்கு அறுபத்தாறு வயது. சாக்கன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷ்ராந்த்வாடியில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட ஒரு சொசைட்டியில் மூன்றாவது மாடி. அந்த சொசைட்டிக்கு அவர்தான் செக்ரட்டரி. நாளை தண்ணீர் வராது, லிஃப்ட் ஓடாது, பால்கனியில் பாய் உதறக்கூடாது — எல்லா நோட்டீஸும் அவர் டைப் அடித்து, அச்செடுத்து, லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவது. மத்தியானம் சாப்பிட்டபின் கணினியில் சீட்டாட்டம், தனியாக.

அந்தக் கணினியில் இருந்தது பதினைந்து வருஷத்து விண்டோஸ். மகன் ஸ்ரீவத்சனுக்கு ஐ.டி.யில் வேலை, கோந்த்வாவில் வீடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவான். காபி வருவதற்குள் ஆரம்பித்துவிடுவான்.

"அப்பா, இதுக்கு அப்டேட் நின்னு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? எவனாவது உள்ள பூந்துட்டா என்ன பண்ணுவே?"

"பூந்து அவன் என்ன பண்ணுவான்? லிஃப்ட் நோட்டீஸைத் தூக்கிண்டு போவானா?"

"லினக்ஸ் போட்டுத் தரேன்பா. அரை நாள் வேலை. எல்லாம் அப்படியே இருக்கும்."

"அப்படியே இருக்கும்னா எதுக்குடா மாத்தணும்?"

ஸ்ரீவத்சன் காபி வருகிறதா என்று உள்ளே பார்த்தான். நானும் பார்த்தேன்.

"அந்த ஸ்டார்ட் பட்டன் இருக்குமா?" என்று பாலசுப்ரமணியன் கேட்டார். "இருபது வருஷத்துக்கு மேல என் கை தானா இடது கீழ் மூலைக்குப் போறது. தூக்கத்துலகூடப் போறது. உங்கம்மாவைக் கேளு."

"தலகாணியைக் குத்திண்டே இருப்பார்" என்று உள்ளேயிருந்து கிரிஜாவின் குரல் வந்தது.

"இருக்கும்பா. உனக்கு எங்க வேணுமோ அங்க வெச்சுக்கலாம்."

"எங்க வேணா வெச்சுக்கலாம்னா அது எங்கேயும் இல்லேன்னு அர்த்தம்."

ஸ்ரீவத்சன் காபியைக் குடித்துவிட்டுப் பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றினான். இப்படி நாற்பது ஞாயிறு போயிற்று.

உண்மையான காரணத்தை பாலசுப்ரமணியன் மகனிடம் சொல்லவில்லை. ஒரு நாள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த கிரிஜாவிடம் சொன்னார். "இப்போ இந்தப் பெட்டியில எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மாத்தினா தொட்டதுக்கெல்லாம் அவனைக் கூப்பிடணும். ரெண்டு தடவை சொல்லித் தருவான். மூணாவது தடவை பெருமூச்சு விடுவான். போன்ல எனக்கு அந்தப் பெருமூச்சு கேக்கும்."

கிரிஜா நறுக்குவதை நிறுத்தவில்லை. "கேக்கத்தான் கேக்கும்" என்றாள்.

(நான்காவது காரணம் இதுதான். ஆனால் இதை இதழுக்கு அனுப்பினால் ஆசிரியர், 'பெருமூச்சுக்கு என்ன புள்ளிவிவரம் இருக்கிறது?' என்று கேட்பார். அவர் அப்படித்தான்.)

4

ஜூலை மாதம் கோயம்புத்தூரில் கல்லூரித் தோழர்கள் கூடினார்கள். பாலசுப்ரமணியன் மூன்று நாள் போனார். அந்த இடைவெளியில் ஸ்ரீவத்சன் விஷ்ராந்த்வாடி வந்து, அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

இங்கே எனக்கு கிரிஜாவின் மேல் சந்தேகம். அவள் எப்படி ஒப்புக்கொண்டாள்? முதல் பிரதியில் அவள் மறுத்தாள், அழுதாள், 'அப்பாக்குத் தெரிஞ்சா' என்று கையைப் பிசைந்தாள். அறுபது வயது, பத்தொன்பது வருஷம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அவள் எதற்குக் கையைப் பிசைய வேண்டும்? அதை எழுதியவன் நான்தான். சோம்பேறித்தனம். கிழித்துவிட்டேன்.

உண்மையில் அவள் இரண்டே கேள்வி கேட்டாள்.

"பார்த்தா வித்தியாசம் தெரியுமா?"

"தெரியாதுமா. அதே நீலம், அதே புல்வெளி, அதே பட்டன். ஆரம்பிக்கற சத்தம்கூட அதேதான். பழைய ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்."

"சீட்டுக்கட்டுக்குப் பின்னாடி மீன் படம் இருக்கும். அது மாறக்கூடாது."

"மாறாது."

"அப்போ போடு" என்று சொல்லிவிட்டு குக்கரை இறக்கப் போனாள்.

மூன்று நாள் கழித்து பாலசுப்ரமணியன் திரும்பி வந்தார். குளித்தார். கணினியைத் திறந்தார். கை இடது கீழ் மூலைக்குப் போயிற்று. பட்டன் இருந்தது. மீன்கள் இருந்தன. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கிரிஜாவிடம், "என்ன பார்க்கறே?" என்றார்.

"ஒண்ணுமில்லை. தோசையா, உப்புமாவா?"

5

இனி வரும் மூன்று மாதங்களை பாலசுப்ரமணியனின் பொற்காலம் என்று எழுதியிருந்தேன். 'பொற்காலம்' கொஞ்சம் அதிகம் என்று — இருக்கட்டும், அவருக்கு அப்படித்தான் இருந்தது.

கணினி திடீரென்று வேகமானது. பழைய பிரிண்டர் முக்காமல் முனகாமல் முதல் தடவையிலேயே அச்சடித்தது. திறக்க மறுத்த பாங்க் பக்கம் சமர்த்தாகத் திறந்தது. காரணத்தை பாலசுப்ரமணியன் ஆராய்ந்தார். கோயம்புத்தூர் போவதற்கு முன் பெட்டியை ஈரத் துணியால் துடைத்துக் கிழக்கு பார்க்கத் திருப்பி வைத்தது ஞாபகம் வந்தது. அதுதான்.

"பார்த்தியாடா?" என்றார் ஞாயிற்றுக்கிழமை. "மாத்து மாத்துன்னு நாற்பது வாரம் பிராணனை வாங்கினே. ஒரு துணி, ஒரு திசை. முடிஞ்சுது."

ஸ்ரீவத்சன் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "ஆமாம்பா" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கே சொல்லிவிடுவதாகத்தான் வந்திருந்தான். அப்பா இத்தனை சந்தோஷமாக இருந்து அவன் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

செப்டம்பரில் விஷயம் வீட்டுக்கு வெளியே போயிற்று. சொசைட்டியின் மூத்த குடிமக்கள் சங்கம் மாதம் ஒரு முறை கிளப் ஹவுஸில் கூடும். முழங்கால் வலி, உயில் எழுதுவது, யோகா என்று யாராவது பேசுவார்கள். பாலசுப்ரமணியன் தானாகவே பேர் கொடுத்தார். தலைப்பு: 'நான் ஏன் மாறவில்லை'. பிள்ளைகளின் தொல்லைக்குப் பணிந்து கணினியை மாற்றாதீர்கள் என்பது சாரம். பதினோரு காரணங்கள், ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். முப்பது பிரதி அச்செடுத்தார், அதே பிரிண்டரில். ஆறாவது காரணம்: தெரியாத ஒன்று நம் வீட்டுக்குள் வந்தால் முதல் நிமிஷத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும்.

கைதட்டல் பலமாக இருந்தது. இரண்டு பேர் அன்று சாயங்காலமே பிள்ளைகளுக்கு ஃபோன் போட்டு, வாங்கி வைத்திருந்த புது மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். துணியையும் திசையையும் நேரில் பார்க்க வேண்டும் என்று நாலு பேர் கேட்டார்கள். "வாங்கோ, சனிக்கிழமை பத்து மணிக்கு" என்றார் பாலசுப்ரமணியன்.

6

நாலு பேர் வருவதாக எழுதினேன். நாலு பேருக்கும் பெயர், முகம், மூட்டுவலி எல்லாம் கொடுத்தால் கதை தாங்காது. மூன்று பேர் தலையாட்டட்டும். நாலாவது ஆள் மட்டும் பேசட்டும். அவர் ரவிசந்திரன்.

ரவிசந்திரன் பிறந்து வளர்ந்தது புனேக்கு வெளியே தேஹு ரோடு என்ற ஊரில். அவருடைய அப்பா அங்கே ராணுவ டெப்போவில் இருந்தார், பிறகு இவரும் முப்பது வருஷம் இருந்தார். போன வருஷம்தான் மகள் வீட்டோடு இந்த சொசைட்டிக்கு வந்தவர். டெப்போவில் அவருக்கு கம்ப்யூட்டர் பிரிவு. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

கிரிஜா தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். பாலசுப்ரமணியன் திரை முன்னால் உட்கார்ந்து, பட்டனை அழுத்தி, பட்டியல் மேலெழும் வேகத்தைக் காட்டினார். மூன்று பேர் தலையாட்டினார்கள். ரவிசந்திரன் குனிந்தார்.

"சார், கொஞ்சம் நகருங்க. அந்த அரோவை இங்க கொண்டாங்க... ம். ரைட் க்ளிக் பண்ணுங்க."

செய்தார்.

"இது விண்டோஸ் கிடையாது சார்."

"என்ன?"

"லினக்ஸ் சார் இது. மேல மேக்கப் போட்டு விட்டிருக்கான் யாரோ. ஏக்தம் ஃபஸ்ட் க்ளாஸா போட்டிருக்கான். நானே ரெண்டு நிமிஷம் ஏமாந்துட்டேன்." பாராட்டாகத்தான் சொன்னார் மனிதர். ஒரு பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டார்.

பாலசுப்ரமணியன் திரையைப் பார்த்தார். அதே நீலம். அதே புல்வெளி. சீட்டாட்டத்தைத் திறக்கலாம் என்று கையை எடுத்தார். கை நடுவில் நின்றது. பட்டன் எங்கே? எதிரே இருந்தது. ஆனாலும் எங்கே? மூன்று மாதமாகத் தினம் இருபது தடவை தொட்ட இடம் அவருக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் எதிரே, "இதை எப்படி மூடறது?" என்று கேட்டார்.

ரவிசந்திரன் மூடிக் கொடுத்தார்.

(இங்கே ஒரு உவமை எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவர் கை அப்படி நடுவில் நிற்கும்போது நான் உவமை சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகப் படவில்லை.)

7

ஸ்ரீவத்சன் ஃபோனிலேயே ஒப்புக்கொண்டான். "தப்புதான்பா. ஆனா அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணேன்."

பாலசுப்ரமணியன் ஃபோனை வைத்தார். சமையலறை வாசலுக்கு வந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மூணு மாசமா?"

"மூணு மாசமாத்தான்."

"நான் முப்பது பேருக்கு எதிர்ல நின்னு பேசினேனே. நீ முதல் வரிசைல உக்காந்து கைதட்டினியே."

"நன்னாப் பேசினேள். அதான் தட்டினேன்."

அவர் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்தார். பிறகு, கொள்முதல் மேலாளராக இருந்த காலத்துக் குரலில் கேட்டார்: "இந்த வீட்டுல வேற என்னல்லாம் மாத்தியிருக்கே?"

கிரிஜா அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கிறாள் என்று நினைக்காதீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் யோசித்தாள்.

"காபிப் பொடி மாத்தி நாலு வருஷம் ஆறது. ஊர்லேர்ந்து வரதுன்னு நினைச்சிண்டிருக்கேளே, அது இங்க காம்ப் ஏரியாவுல ஒரு கடையில வாங்கறது."

"நாலு வருஷமா?"

"ஹால் கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருந்தேளே. அதைச் சரி பண்ணிட்டேன், கொரோனா சமயத்துல. உங்க தலகாணி ரெண்டு தடவை மாறியாச்சு. உறை மட்டும் அதே. ஊறுகாய்ல உப்புப் பாதி. அப்பறம் அந்த சாம்பல் கலர் ஸ்வெட்டர் —"

"அது என் அண்ணா வாங்கிக் கொடுத்தது."

"அது எப்பவோ கரையான் அரிச்சுப் போச்சு. அதே மாதிரி ஒண்ணு தேடி லஷ்மி ரோடு முழுக்க அலைஞ்சேன்."

பாலசுப்ரமணியன் தன் கழுத்தருகே தொட்டுப் பார்த்துக்கொண்டார், அக்டோபர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருப்பவர்போல. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பேள்?"

நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பார்க்கலாம்னு சொல்லியிருப்பேன்."

"நீங்க பார்க்கலாம்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தம். முப்பத்தி நாலு வருஷத்துல அதுகூடத் தெரியாதா எனக்கு?" அவள் குரல் உயரவில்லை. "சண்டை போட்டு மாத்தலாம். தினம் ஒரு சண்டை போடணும். எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை. அதான் சத்தம் போடாம மாத்திண்டே வந்தேன். நீங்களும் சந்தோஷமாத்தான் இருந்தேள்."

அவள் கைத்துணியை மடித்து வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. சொல்லிடறேன். காலம்பற மாருதி கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போறேனோல்லியோ? எட்டு மாசமா கோயிலுக்குப் போகலை. நீச்சல் கத்துக்கப் போறேன்."

"யாரு?"

"நான்தான்."

பாலசுப்ரமணியன் மூளையில் என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது. அவர் கேட்டது இதுதான்: "தண்ணியிலயா?"

"வேற எதுலன்னா நீந்துவா?" என்றாள் கிரிஜா. அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவளுக்கு அப்போது வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் கண்ணில் நீரும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.*

 * எட்டு மாதம் ஈரத் தலையோடு வந்தவளைப் புருஷன் கவனிக்கவில்லையா என்று ஒரு வாசகர் கேட்பார். தொப்பி, துண்டு, அவர் பேப்பர் படிக்கும் நேரம் என்று ஒரு பத்தி விளக்கம் எழுதிப் பார்த்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பார்க்காததற்கு விளக்கம் தேவையில்லை.

8

முடிவுகள்.

முதல் முடிவில் ஸ்ரீவத்சன் வந்து, மன்னிப்புக் கேட்டு, பழைய விண்டோஸையே திருப்பிப் போட்டுக் கொடுத்தான். பாலசுப்ரமணியன் அதை ஒரு வாரம் பார்த்தார். இதுவும் மேக்கப்பாக இருந்தால்? ரவிசந்திரனைக் கூப்பிட்டு தினம் ஒரு முறை சோதிக்கச் சொன்னார். ரவிசந்திரனும் பிஸ்கட்டுக்காக வந்தார். இது வேடிக்கையாக இருந்தது, ஆனால் கிரிஜா இதில் பிஸ்கட் வைக்க மட்டும் வந்து போனாள். வேண்டாம்.

இரண்டாவது முடிவில் அவர் மறுபடி கிளப் ஹவுஸில் பேசினார், தலைப்பு 'நான் எப்படி மாறினேன்'. இதை எழுதி முடித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. யாரும் ஒரு வாரத்தில் அப்படித் திருந்துவதில்லை.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிறு முழுக்க அவர் கணினியைத் திறக்கவில்லை. ஸ்ரீவத்சனையும் வர வேண்டாம் என்றுவிட்டார். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு கிரிஜா பையை எடுத்துக்கொண்டாள். "போயிட்டு வரேன்" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. முதல் தடவையாகச் சொல்லவில்லை. கதவு சாத்திய சத்தம் அடங்கியதும் பாலசுப்ரமணியன் பேப்பரை மடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, ஆட்டோக்காரரிடம் "ஸ்விம்மிங் டாங்க்" என்று சொல்லும்போது அவருக்கே தன் வாயில் அந்த வார்த்தை விநோதமாக இருந்தது.

நீச்சல் குளத்தின் வாசலில் ஒரு அம்மாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மேலும் கீழும் பார்த்தாள். "லேடீஸ் பேட்ச், காகா. ஆத் ஜாயச்ச நாஹீ." உள்ளே போகக் கூடாது என்றால் கூடாதுதான். எதிரே சிமெண்ட் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தார்.

சுவர் உயரம். ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது: தண்ணீர் அடிபடுவது, விசில், பல பெண்கள் ஒரே சமயத்தில் பேசுவது. பயிற்சி தரும் பெண் போலிருக்கிறது, கணீரென்று ஒரு குரல். அதை யாரோ "ஸ்நேஹா மேடம்" என்று கூப்பிட்டார்கள். அந்தக் குரல் திடீரென்று உரக்க, "கிரிஜாதாயி! ஷ்வாஸ் சோடா! சோடா, சோடா... ஷாபாஸ்!" என்றது.

கிரிஜா அக்காவை மூச்சை விடச் சொல்கிறாள். மராத்தி அவருக்குத் தெரியும். ஆனால் தன் மனைவியின் பெயரை இத்தனை உரக்க ஒருவர் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. வீட்டில் அவர் 'இந்தா' என்பார். ஸ்ரீவத்சனுக்கு அம்மா. சொசைட்டியில் மிஸஸ் பாலசுப்ரமணியன். 'கிரிஜாதாயி' என்பவள் ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள். பாலசுப்ரமணியன் பெஞ்சில் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

எட்டு மணிக்கு விசில் நீளமாக ஒலித்தது. பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஸ்கூட்டியை எடுத்தார்கள், ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். கடைசியில் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். நடுவில் இருந்தவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே மராத்தியில் ஏதோ கதை சொல்ல, மற்ற இருவரும் குனிந்து குனிந்து சிரித்தார்கள். கிரிஜா இத்தனை வேகமாக மராத்தி பேசுவாள் என்று அவருக்குத் தெரியாது. அவள் இன்னும் அவரைப் பார்க்கவில்லை.

பாலசுப்ரமணியன் எழுந்து நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும்.

அவருக்காக நான் நாலு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். முதலாவது மன்னிப்பு, அது சினிமா. இரண்டாவது கோபம்; அதற்கு இவ்வளவு தூரம் ஆட்டோவில் வந்திருக்க வேண்டாம். மூன்றாவது, 'ஜலதோஷம் பிடிக்கப் போறது, நன்னாத் துவட்டிக்கோ.' இது அவர் சொல்லக்கூடியதுதான், ஆனால் இன்றைக்கும் அதையே சொன்னால் — நாலாவதை எழுதி முடிப்பதற்குள் என் மடிக்கணினி மறுபடி உறைந்துவிட்டது.

எனவே உங்களிடம் விடுகிறேன். அவருக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள். நல்ல தமிழ், கொச்சைத் தமிழ், மராத்தி, எதுவாக இருந்தாலும் சரி. 'பார்க்கலாம்' மட்டும் வேண்டாம். யோசித்து நிதானமாக எழுதுகிறேன் என்று எடுத்து வைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு பெண்களும் கையசைத்துவிட்டுப் பிரிந்துவிட்டார்கள். கிரிஜா துண்டை முகத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

அவள் பத்தடி தூரத்தில் இருக்கிறாள். நடந்து வந்துகொண்டிருக்கிறாள்.